நாலு கோல் தூரம்

அந்த விடுதியின் அவுட்பாஸ் தாளில் ஏழு கட்டங்கள். பெயர், அறை எண், பணியாளர் எண், போகும் நாள், திரும்பும் நாள், காரணம், பாதுகாவலர் கையொப்பம். 2024 ஜனவரியில், பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஏழாவது கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் 'உறவு' என்று இருந்த இடத்தில் 'சித்தி' என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தை அவளே நிரப்பியிருந்தாள். 'அக்கா திருமணம்.' அவளுக்கு அக்கா கிடையாது.

"மலையேறப் போறேன்னு எழுதினா என்ன?" என்று கேட்டேன்.

"போன வாரம் எழுதிக் கொடுத்தேம்மா. வார்டன் சிரிச்சாங்க. யாரோட போற, எத்தனை பசங்க வர்றாங்கன்னு கேட்டாங்க. கல்யாணம், சாவு, ஊர்த் திருவிழா. இந்த மூணுல ஒண்ண எழுதிட்டு வான்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க."

சாவு எழுத மனம் வரவில்லை என்றாள். திருவிழாவுக்கு மாதம் பொருந்தவில்லை. அதனால் கல்யாணம்.

அவள் என்னிடம் பி.ஏ. தமிழ் படித்தவள். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமம். படிப்பு முடிந்ததும் இந்தத் தடத்தின் ஓர் மின்னணு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். கைப்பேசி மூடியில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிற வேலை. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே பார்க்க வேண்டும். ஷிப்ட் முடிந்தால் கம்பெனி பஸ், பஸ்ஸிலிருந்து விடுதி வாசல், வாசலிலிருந்து படுக்கை. "ஒரு நாள் முழுக்க நான் கால்லதாம்மா நிக்கிறேன். ஆனா நடந்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா?" என்று ஒருமுறை தொலைபேசியில் கேட்டாள். இந்தப் பயணம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் சாலையைப் பார்த்தவர்களுக்கு அவள் சொன்னது விளங்கும். கன்டெய்னர் லாரிகளுக்கு இடமிருக்கிறது, கார்களை ஏற்றிப்போகும் நீண்ட வண்டிகளுக்கு இடமிருக்கிறது, கம்பெனி பஸ்களுக்கு இருக்கிறது. நடப்பவர்களுக்குப் பல இடங்களில் மண் ஓரம் மட்டும்தான். அதிகாலையிலும் இரவிலும் பஸ் பஸ்ஸாகப் பெண்கள் இந்தச் சாலையில் போய் வருகிறார்கள். ஜன்னலில் சாய்ந்து தூங்கும் தலைகளாகத்தான் ஊர் அவர்களைப் பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில் மட்டும் வேறு மாதிரிப் பார்த்தது. விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். உடன் வேலை செய்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் ஒழுங்காகச் சொல்லாததால் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். இரவு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சாலையில் அவர்கள் கால் பதித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

போவது என்று முடிவானதும் எங்கே என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பொதிகை. அகத்தியர் மலை. கேரளத்தில் அகஸ்தியர்கூடம் என்கிறார்கள். 1,868 மீட்டர் உயரம். போனக்காட்டிலிருந்து மூன்று நாளில் ஏறி இறங்க நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். தமிழுக்கு இலக்கணம் தந்தவர் என்று நாங்கள் வகுப்பில் முதல் நாளே சொல்லித்தரும் முனிவர் இருக்கும் மலை. இருபது வருடமாக அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். அந்த மலைமேல் பெண்கள் ஏறக்கூடாது என்று இருந்ததையும் அத்தனை வருடமும் அறிந்திருந்தேன். அகத்தியர் பிரம்மச்சாரி என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், பெண் என்பதற்காக யாரையும் தடுக்கக் கூடாது என்றது. 2019 ஜனவரியில் தன்யா சனல் உச்சி ஏறினார். தடை நீங்கியபின் ஏறிய முதல் பெண் என்று செய்தித்தாள்கள் எழுதின.

பிரம்மச்சாரி என்ற காரணம் தமிழ் படித்தவர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும். அகத்தியருக்கு மனைவி உண்டு, பெயர் லோபாமுத்திரை. தொல்காப்பியச் சிறப்புப் பாயிரத்துக்கு உரை எழுதும்போது நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். பொதிகைக்கு வந்து சேர்ந்த அகத்தியர், மனைவியை அழைத்துவரத் தன் மாணவரை அனுப்புகிறார். அந்த மாணவர்தான் தொல்காப்பியர். ஆசிரியர் ஒரு நிபந்தனை வைக்கிறார். முன்னும் பின்னும் நாலு கோல் நீளம் விலகி நின்றுதான் அவளை அழைத்துவர வேண்டும். அப்படியே வருகிறார்கள். வையையில் வெள்ளம் லோபாமுத்திரையை இழுத்துக்கொண்டு போகிறது. மாணவர் நிபந்தனையை மீறி ஓடிப்போய், ஒரு மூங்கிலை முறித்து நீட்டுகிறார். அதைப் பிடித்துக்கொண்டு அவள் கரையேறுகிறாள். அவள் உயிரோடு வந்து சேர்ந்ததற்கு அகத்தியர் மகிழவில்லை. தூரம் குறைந்ததற்குச் சபிக்கிறார். இருவருக்கும் சுவர்க்கம் இல்லை. குற்றம் செய்யாதவரைச் சபித்ததற்காகப் பதிலுக்கு அவருக்கும் அதே சாபம் கிடைக்கிறது.

இந்தக் கதையை நான் ஒவ்வொரு வருடமும் நடத்துகிறேன். ஆசிரியர் மாணவர் பிணக்கு என்றும், அகத்தியம் மறைந்து தொல்காப்பியம் நின்றதற்கு ஒரு காரணக் கதை என்றும் விளக்குவேன். இவள் இரண்டாம் ஆண்டில் எழுந்து நின்று, "நாலு கோல்னா எத்தனை அடிம்மா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். கேள்வி பதில் இல்லாமல் போய்விட்டது.

நாங்கள் ஐந்து பேர். நான், எங்கள் கல்லூரியின் வேதியியல் பேராசிரியை, ஓய்வுபெற ஒரு வருடமே இருந்த நூலகர் அக்கா, என் பக்கத்து வீட்டில் இருக்கும் தோழி, இவள். தோழி ஒரகடத்தில் கார் உதிரிபாக ஆலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். பெயர்கள் வேண்டாம் என்று நால்வரும் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தி வீட்டில் இன்றுவரை அது நான்கு நாள் கம்பெனிப் பயிற்சி.

ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதமாகக் கிளம்பினோம். வேதியியல் வீட்டில் உண்மையைச் சொன்னாள். அதற்கு விலையாக நான்கு நாளைக்கு மாவு அரைத்து, குழம்பு வைத்து, டப்பாக்களில் கிழமை எழுதி ஒட்டிவிட்டு வந்தாள். நூலகர் அக்கா கணவரை இழந்தவர். "இந்த வயசுல எதுக்கும்மா" என்று மகன் மூன்று நாள் பேசவில்லை. மருத்துவச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில், ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் என்னிடம் கேட்ட அடுத்த கேள்வி, "வீட்டுல சொல்லிட்டீங்களா?" என் கணவர் "போயிட்டு வா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்த வார்த்தைக்காக நான் ரெண்டு நாள் நேரம் பார்த்துக் காத்திருந்தேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது, "குரங்கணி மறந்துபோச்சா?" என்றாள். மறக்கவில்லை. 2018 மார்ச் 11, தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ. 23 உயிர்கள். அவர்களில் பலர் சென்னையில் வேலை பார்த்த இளம்பெண்கள். அந்த வாரம் வழிகாட்டல் சரியாக இருந்ததா, அனுமதி இருந்ததா என்ற கேள்விகளோடு இன்னொன்றும் பேருந்திலும் டீக்கடையிலும் கேட்டது. பொம்பளப் புள்ளைங்களுக்கு மலையில என்ன வேலை? கடலில் மூழ்கிய ஆண்களைப் பற்றி யாரும் ஆம்பளைக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்டு நான் கேட்டதில்லை.

பயிற்சிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தோம். முதுகுப் பையில் அஞ்சு கிலோ அரிசியும் தண்ணீர் பாட்டில்களும். ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகும் சாலை. முதல் நாளே நாலு பைக் நின்றது. "எங்க போகணும்?" "எதுவும் பிரச்சினையா?" ஷூ போட்டுக்கொண்டு, பை சுமந்துகொண்டு, எங்கும் போகாமல் நடக்கும் ஐந்து பெண்களை அவர்களால் எதிலும் சேர்க்க முடியவில்லை. நூலகர் அக்காதான் வழி கண்டுபிடித்தார். "வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டுதல் தம்பி." அதோடு சரி. ஒருவர் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். இன்னொருவர் தன் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்ளச் சொன்னார்.

சாமிக்காக நடக்கலாம். அதுவரைக்கும் ஊர் ஒப்புக்கொள்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் ஒரு மந்திரத்தின் பொருளுக்காகத் திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் என்று சொல்வார்கள். விடாமுயற்சிக்கு அது உதாரணம். இங்கிருந்து தொலைவில்லாத திருவாலங்காட்டுக்குக் காரைக்கால் அம்மையார் வந்தது பேயுரு வாங்கிக்கொண்ட பிறகு. ஔவை ஊர் ஊராக நடந்தது முதுமையை வேண்டி வாங்கிக்கொண்ட பிறகு. கண்ணகி நடந்தாள், கணவன் பின்னால். இளமையும் உடம்பும் அப்படியே இருக்க, காரணம் ஒன்றும் இல்லாமல் நடந்த பெண்ணைத் தேடிப் பார்த்தேன். எனக்குச் சட்டென்று ஒருத்தியும் அகப்படவில்லை.

பிப்ரவரியில் செங்கல்பட்டில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறி, திருவனந்தபுரத்தில் இறங்கி, விதுரா வழியாகப் போனக்காடு போய்ச் சேர்ந்தோம். கைவிடப்பட்ட தேயிலைத் தோட்டம், ஓடு சரிந்த கட்டடங்கள், அப்புறம் வனத்துறைச் சோதனைச் சாவடி. அடையாள அட்டை, சான்றிதழ், பையில் பிளாஸ்டிக் எவ்வளவு என்ற கணக்கு. எங்கள் வழிகாட்டி காணி இனத்தவர், முப்பது வயது இருக்கும். எங்களைச் சேச்சி என்றார். அவர் மலையாளமும் நம் தமிழும் அந்தக் காட்டில் ரொம்ப தூரத்தில் இல்லை. செங்குத்தான ஓர் ஏற்றத்துக்கு முட்டிடிச்சான் என்று பெயர். ஏறும்போது முழங்கால் நெஞ்சில் இடிக்கும். யாரும் எங்களுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் ஈற்றைக் காட்டுக்குள், ஒன்றன்பின் ஒன்றாக ஓடைகளைத் தாண்டிப் போகும் வழி. யானைச் சாணம் சில இடங்களில் ஈரமாகவே கிடந்தது. நான் நடுவில் நடந்தேன். வேதியியல் கடைசியில். இவள் முதலில் வழிகாட்டியை ஒட்டி நடந்தாள், பிறகு அவரையும் தாண்டி. வளைவில் அவள் பச்சைப் பை மறையும். நான் கூப்பிடுவேன். நிற்பாள். நாங்கள் சேர்ந்ததும் மறுபடி போவாள். மூன்றாவது முறையோ நாலாவது முறையோ என் குரல் எனக்கே கேட்டது. ஹாஸ்டல் சுற்றுலாவில் வார்டன்கள் கூப்பிடுகிற அதே இழுப்பு.

"உனக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன், ஞாபகம் இருக்கட்டும்."

அவள் ஓடைக்கு நடுவில் ஒரு பாறையில் நின்றிருந்தாள். திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏம்மா, நாலு கோல் தாண்டிட்டேனா?"

மற்றவர்களுக்கு அது புரியவில்லை. எனக்கு முகம் சுட்டது. கதையை நடத்திய வருடங்களில் எல்லாம் நான் லோபாமுத்திரையின் பக்கம்தான் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கோல் என் கையில் இருந்ததை இவள் பார்த்திருக்கிறாள்.

பதில் சொல்லத் தெரியாமல் ஓடையில் கால் வைத்தேன். வழுக்கியது. பெரிய வெள்ளம் ஒன்றுமில்லை, முழங்காலளவுத் தண்ணீர். ஆனால் முதுகில் பை இருந்ததால் எழ முடியவில்லை. அவள்தான் ஊன்றிவந்த ஈற்றைக்கோலை நீட்டினாள். பிடித்துக்கொண்டு எழுந்தேன். அதைப் பற்றி அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இரவு அதிருமலை முகாம். கஞ்சியும் பயறும். உடம்பில் வலிக்காத இடம் இல்லை. வழிகாட்டியிடம் உங்களுக்கு எப்படிக் களைப்பே வருவதில்லை என்று வேதியியல் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே எங்களுக்கு விவரம் சொன்னாள். 1987இல் இந்த மலைகளுக்கு ஆய்வுக்கு வந்த விஞ்ஞானிகளும் இதையே கேட்டார்களாம். கூட வந்த காணி வழிகாட்டிகள் ஒரு சிறு செடியின் காயைத் தின்றுகொண்டே சளைக்காமல் நடந்தார்கள். ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. வருமானத்தில் பங்கு தர 1997இல் காணி மக்களுக்காக ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் உதாரணம் அது. வழிகாட்டி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்களுக்குப் பழக்கம் சேச்சி" என்று மட்டும் சொன்னார்.

நான் அவரிடம் கேட்க நினைத்தது வேறு. 2019இல் பெண்கள் ஏறியபோது காணி மக்கள் போனக்காட்டில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இது அவர்கள் தெய்வத்தின் இடம். "நாங்க வந்தது உங்களுக்குச் சங்கடமா?" என்றேன். கொஞ்ச நேரம் தீயைப் பார்த்தார். "அம்மை ஏறியதில்லை. ஏறுவதும் இல்லை. மகள் கேட்கிறாள். எனக்கு ரெண்டு பேரும் வேணும்" என்றார். நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துச் சொல்ல என் நாக்கு நுனியில் வாக்கியங்கள் இருந்தன. சொல்லாமல் விட்டேன். நாங்கள் மூன்று நாளில் போய்விடுவோம். அந்த அம்மாவும் மகளும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

விடியற்காலை நாலரைக்கு இவள் என்னை எழுப்பினாள். மாதவிலக்கு வந்துவிட்டது, நாள் தள்ளி வர வேண்டியது. காதருகே குனிந்து, "சாமி மலைம்மா. நான் ஏறலாமா?" என்றாள்.

"ஏறலாம். அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று உடனே சொன்னேன். தூக்கத்திலும் கொள்கை விழித்திருந்தது. அடுத்த பாயில் படுத்திருந்த நூலகர் அக்கா எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. அவளிடம் கேட்டார்: "வயிறு வலிக்குதா? ராத்திரி தூங்கினியா? உனக்கு ஏறணும்னு இருக்கா?"

அவள் யோசித்தாள். அவளை அப்படி யோசிக்கவிட்டு யாரும் காத்திருந்ததை நான் பார்த்ததில்லை. வார்டனுக்கு அவள் 'கூடாது' கேட்டுப் பழகியவள். என்னிடம் 'செய்' கேட்டுப் பழகியவள். ரெண்டுமே அடுத்தவர் வாயிலிருந்து வந்தவை.

"வலி இருக்குக்கா. ஆனா போகணும். மெதுவா வரேன்."

அக்கா பையிலிருந்து மாத்திரையும், பழைய துணியில் தைத்த ஒரு சிறு பையும் எடுத்துக் கொடுத்தார். நாப்கினை மலையில் போடக் கூடாது, கீழே கொண்டுபோக வேண்டும். "எனக்கு நின்னு எட்டு வருஷமாச்சு. யாருக்காவது ஆகும்னுதான் எடுத்துட்டு வந்தேன்" என்றார்.

அன்று நான் கடைசியில் நடந்தேன். அவள் எங்கே போகிறாள் என்று பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன், கூப்பிடவில்லை. பொங்காலப்பாறையைத் தாண்டியதும் மரங்கள் குறுகிவிட்டன, காற்று வலுத்துவிட்டது. கடைசிப் பாறைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள். அதைப் பிடித்து ஏறும்போது என் தோழி, ஒரகடத்துக்காரி, மூச்சு வாங்கிக்கொண்டே, "கம்பெனி டிரெய்னிங் ரொம்பக் கஷ்டமா இருக்குப்பா" என்றாள். கயிற்றில் தொங்கிக்கொண்டு ஐந்து பேரும் சிரித்தோம்.

உச்சியில் அகத்தியர் சிலை இருக்கிறது. சுற்றிலும் மேகம். தமிழ்நாட்டுப் பக்கம் தாமிரபரணி பிறக்கும் காடுகள் தெரியும் என்றார்கள், எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. என்னவோ உணர்வேன் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். பசித்தது. சிலைக்கு அருகில் நான் போகவில்லை, தூரத்தில் நின்று பார்த்தேன். அவள் தள்ளி ஒரு பாறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஷூவைக் கழற்றி வைத்திருந்தாள். லைனில் நிற்கும் கால்கள், நிலை மின்சாரத்துக்கான செருப்பின் வார் பதிந்து பதிந்து பாதத்தில் வெளுத்த ஒரு கோடு. அந்தக் கால்களைக் காற்றில் ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்காரவில்லை.

இறங்கி வந்து ஐந்தாம் நாள் அவரவர் இடத்துக்குப் போனோம். அன்றிரவு ஷிப்டில் அவள் நின்றாள். விடுதியில் கல்யாணப் பலகாரம் எங்கே என்று கேட்டார்களாம். திருவனந்தபுரத்தில் வாங்கிய நேந்திரம் சிப்ஸைக் கொடுத்துச் சமாளித்திருக்கிறாள்.

அந்த ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைத் தமிழக அரசு திறந்தது. நல்ல கட்டடங்கள். அங்கே இடம் கிடைத்த இன்னொரு மாணவியைப் பார்க்க ஒருநாள் போனேன். வெளியே வந்து சாலையைப் பார்த்தபடி நின்றேன். அத்தனை பெண்கள் ஒரே மாலையில் சும்மா நடந்துவர நினைத்தால் இந்த ஊரில் எங்கே நடப்பார்கள் என்று யோசித்தேன். நடக்க நினைத்தாலும் முதலில் எந்தத் தாளில் என்ன எழுத வேண்டியிருக்கும் என்றும்.

அடுத்த வருடம் ஜனவரியில் அவள் ஒரு புகைப்படம் அனுப்பினாள். அதே அவுட்பாஸ் தாள், அதே ஏழு கட்டம். தன் லைனில் வேலை செய்யும் மூன்று பெண்களோடு வெள்ளியங்கிரிக்கோ வேறெங்கோ கிளம்பியிருப்பாள் என்று பார்த்தேன். இடம் எழுதவில்லை. காரணம் என்ற கட்டத்தில் 'நடக்க' என்று எழுதியிருந்தாள். கையொப்பக் கட்டம் காலியாக இருந்தது.

"விடுவாங்களா?" என்று செய்தி அனுப்பினேன். பிறகு, பழக்கம் விடவில்லை, "நான் வந்து கையெழுத்துப் போடட்டுமா?" என்றும் தட்டினேன். அனுப்புவதற்குள் அவள் பதில் வந்தது.

"தெரியலம்மா. கேட்டுப் பாக்குறேன். தரலன்னா ஞாயித்துக்கிழமை பஸ்ஸ விட்டுட்டு விடுதியிலேர்ந்து கம்பெனி வரைக்கும் நாங்க நாலு பேரும் நடந்தே போறதா இருக்கோம்."

தட்டியதை அழித்தேன். எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கேட்டேன்.